காத்திருப்பவரின் காதுக்கு வழிவிடும் இசை: மருத்துவமனைகளிலும் மண்டபங்களிலும் பின்னணி இசை அமைக்கும் முறை

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருப்பதாக நமக்குத் தோன்றினாலும், அவருடைய காது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. வேதாரண்யத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ விடிகாலைப் பேருந்தைப் பிடித்துத் தஞ்சாவூருக்கு வந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட் அடங்கிய பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் ஒரு முதியவர், தம் எண்ணை அழைத்தது காதில் விழாமல் போய்விடுமோ என்ற கவலையில் கழிப்பறைக்குக்கூட எழுந்து போகத் தயங்குவார். அந்தக் கூடத்தில் இசை ஒலிக்கவேண்டும் என்று முடிவெடுக்கும் எவரும் முதலில் நினைக்கவேண்டியவர் அவர்தான். அவருடைய பதற்றத்தைச் சற்றே தணிக்கவும், அவரை அழைக்கும் நொடியில் முற்றிலும் விலகிக்கொள்ளவும் கூடிய இசையே அந்த இடத்துக்கு உரிய இசை.

காவிரிப் படுகையின் ஊர்களில் தனியார் மருத்துவமனைகள், ஸ்கேன் மையங்கள், கல்யாண மண்டபங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றை நடத்துவோர் பலர் பின்னணி இசைக்கென்று பணம் செலவழிக்கிறார்கள். பெரும்பாலும் கடைக்காரர் சொல்லும் பெட்டியை வாங்கி, ரிசப்ஷன் மேசைக்கு மேலே மாட்டி, ஒரு பென் டிரைவைச் செருகுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. அதே பணத்தில், சில சமயம் அதைவிடக் குறைந்த செலவில், முறையாகச் செய்ய முடியும்.

முதலில் இரைச்சலைக் கவனியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், கூட்டம் மிகுந்த நேரத்தில் உங்கள் கூடத்திலேயே காத்திருப்பவர்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். மின்விசிறி, ஏசி, ஜெனரேட்டர், யாரோ ஒருவரின் கைப்பேசியில் ஓடும் ரீல்ஸ், அழும் குழந்தை, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே புகும் தனியார் பேருந்தின் ஏர் ஹாரன், ஆடி மாதமானால் தெருமுனை அம்மன் கோயிலின் கூம்பு ஒலிபெருக்கி என்று எத்தனை ஒலிகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். கைப்பேசியில் கிடைக்கும் ஒலியளவு செயலி ஒன்றைக் கொண்டு அளந்தும் பாருங்கள். அதன் கணக்கு துல்லியமாக இராது என்றாலும், காலையையும் மாலையையும், வாசலையும் உட்பகுதியையும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் இயல்பாகப் பேசிக்கொள்ளும் குரல் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். கூடத்தின் இரைச்சல் 50 டெசிபலை ஒட்டி இருந்தால் இசைக்கு அங்கே இடம் உண்டு. 60-ஐத் தாண்டியிருந்தால் இல்லை. சம அளவுள்ள இரண்டு ஒலிகள் சேரும்போது மொத்த அளவு 3 டெசிபல் கூடுகிறது. ஆகவே 60 டெசிபல் இரைச்சலில் காதில் விழும்படி 60 டெசிபலுக்கு இசை வைத்தால் மொத்தம் 63 ஆகிவிடும். அழைக்கும் குரல் தெளிவாகப் புரிய அதற்கும் மேலே குறைந்தது 10 டெசிபலாவது வேண்டும் என்பதால், ரிசப்ஷனில் இருப்பவர் கத்தியாக வேண்டும். கூட்டமும் சும்மா இராது. சுற்றிலும் சத்தம் கூடினால் பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே எழுதிவைத்தார். இரைச்சலை மூடி மறைப்பதற்காக இசையைக் கூட்டுகிறவர்கள், அரை மணி நேரத்தில் அந்த இசைக்கு மேலே பேசும் ஒரு கூட்டத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

எனவே முதல் செலவு இரைச்சலைக் குறைப்பதற்காக இருக்கட்டும். கிரானைட் தரை, டைல்ஸ் ஒட்டிய சுவர், கண்ணாடித் தடுப்பு, கான்கிரீட் கூரை ஆகிய நான்கும் சேர்ந்த கூடத்தில் ஒவ்வொரு சொல்லும் நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. கனமான திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, சுவரை ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டு மாட்டிய துணி போர்த்த அறிவிப்புப் பலகை போன்றவை அந்த எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும். நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டுவது இவை எல்லாவற்றிலும் மலிவான வேலை. தொலைக்காட்சி ஓடுகிற கூடத்தில் இசை வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். தொலைக்காட்சிதான் வேண்டும் என்றால் அதன் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிடுவது நல்லது.

அழைப்புக்கு முதலிடம்

இசைக்கும் அழைப்புக்கும் தனித்தனிக் கருவிகள் வைத்திருப்பதுதான் நம் ஊர்களில் மிகுதியாகக் காணும் குறை. இசை ஒரு பெட்டியிலிருந்து வரும். அழைப்பு கம்பவுண்டரின் தொண்டையிலிருந்து வரும். இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும்போது தோற்பது கம்பவுண்டரின் தொண்டையும் முதியவரின் காதும்தான். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கொண்டு செல்லுங்கள். மைக் முன்னுரிமை வசதி உள்ள மிக்ஸர் ஆம்ப்ளிஃபையர் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். மைக்கில் பேசத் தொடங்கியதும் இசை தானாகவே தணிந்துவிடும். பேச்சு நின்றபின் மெல்ல மீண்டும் எழும். அந்த எழுச்சி திடீரென்று நிகழாதபடி, இரண்டு மூன்று வினாடிகள் எடுத்துக்கொள்ளும்படி அமைக்க முடிகிற கருவியாக இருந்தால் இன்னும் சிறப்பு.

அழைப்புக்கு முன்னால் ஒரு சிறிய மணியோசை வேண்டும். தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்பு ஒலிக்கும் மணியைக் கேட்டதும் நடைமேடையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காத்திருப்புக் கூடத்திலும் அதே பழக்கம் சில நாட்களில் உருவாகிவிடும். மணிக்குப் பின் ஒரு வினாடி விட்டு எண்ணைச் சொல்லவேண்டும். பதினேழு, பதினெட்டு ஆகிய இரண்டும் முக்கால்வாசி ஒரே ஒலிதான். அப்படித்தான் இருபத்தேழும் இருபத்தெட்டும். மின்விசிறி ஓடும் கூடத்தில், வயதானவரின் காதில் அவை வேறுபட்டு விழுவதே இல்லை. எண்ணை இருமுறை சொல்லி, கூடவே 'ஒன்று ஏழு' என்று இலக்கங்களையும் பிரித்துச் சொல்லும்படி பணியாளர்களைப் பழக்குங்கள். வயது ஏற ஏற முதலில் குறைவது உயர்ந்த சுருதியில் எழும் கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் அந்த ஒலிகளில்தான் இருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிவது அவர்களுக்கு அதனாலேயே கடினமாகிறது. காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கோ பின்னணி இசையும் சேர்ந்தே பெரிதாகிக் கேட்கும். ஆகவே எண்ணைக் காட்டும் மின்பலகை ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஸ்பீக்கர்கள்

பெரிய பெட்டி ஒன்றை ஓரிடத்தில் வைத்துக் கூடம் முழுக்கக் கேட்கச் செய்ய முயன்றால், அருகில் இருப்பவருக்கு அது தொல்லையாகவும் தூரத்தில் இருப்பவருக்கு முணுமுணுப்பாகவும் இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும், மூடிய கூடத்தில் அதைவிடச் சற்றுக் குறைவாகக் குறையும். அந்தப் பெட்டிக்கு நேர் கீழே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ரிசப்ஷன் பெண்தான். காத்திருப்பவர் இரண்டு மணி நேரத்தில் போய்விடுவார். அந்தப் பெண் காலையிலிருந்து இரவு வரை, மாதம் முழுவதும், அதே ஒலியைக் கேட்டாக வேண்டும். அவர் தலைக்கு மேலே ஸ்பீக்கர் மாட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

சிறிய சீலிங் ஸ்பீக்கர்கள் பலவற்றைத் தாழ்ந்த அளவில் ஒலிக்க விடுவதுதான் சரியான வழி. எத்தனை வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கூரையின் உயரத்திலிருந்து, அமர்ந்திருப்பவரின் காது உயரமான 1.2 மீட்டரைக் கழியுங்கள். 90 பாகை விரிவுள்ள ஸ்பீக்கர் என்றால், மிஞ்சியதை இரண்டால் பெருக்கினால் வருவது அது பரவும் வட்டத்தின் குறுக்களவு. 3 மீட்டர் உயரக் கூரைக்கு 1.8 மீட்டர் மிஞ்சும், குறுக்களவு 3.6 மீட்டர். அந்த இடைவெளியில் ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டே போனால் கூடத்தின் எந்த இருக்கையிலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்.

கம்பி நீளமாக ஓடும் இடங்களில், ஒரே கம்பி இணைப்பில் பல ஸ்பீக்கர்களுக்கு உயர்ந்த வோல்ட்டில் ஒலியை அனுப்பும் 100 வோல்ட் லைன் முறையையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 6, 3, 1.5 வாட் என்று பிரிவுகள் இருக்கும். பாதியாகக் குறைத்தால் அந்த இடத்தில் மட்டும் 3 டெசிபல் தணியும். வாசலருகே ஒன்றை உயர்த்தியும், ரிசப்ஷனுக்குப் பக்கத்தில் ஒன்றைத் தாழ்த்தியும் அமைக்க இது உதவுகிறது. எல்லா ஸ்பீக்கர்களுக்கும் வைத்த வாட்டுகளைக் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் போதும். எட்டு ஸ்பீக்கர்கள் தலா 3 வாட் என்றால் 24 வாட், ஆகவே 30 அல்லது 40 வாட் கருவி. சவுண்டு சர்வீஸ்காரர்கள் திருவிழாப் பழக்கத்தில் 250 வாட் கருவியைப் பரிந்துரைப்பதுண்டு. ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரக்கூடிய ஸ்பீக்கர்கள் சாதாரணமாகக் கிடைக்கும்போது, நாற்பது பேர் அமரும் கூடத்துக்கு அது தேவையே இல்லை. ஒலியளவுத் திருகைச் சரியான இடத்தில் வைத்தபின் அதன்மேல் ஒரு நாடாவை ஒட்டிவிடுங்கள். இரவுப் பணியாளர் தமக்குப் பிடித்த பாட்டுக்காகக் கூட்டிவைத்து, காலையில் அதை மறந்துவிட்டுப் போவது எங்கும் நடக்கிறது.

எந்த இசை

சொற்கள் உள்ள பாட்டு வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கவேண்டும். எண்ணுக்காகக் காத்திருக்கும் காது மனிதக் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறது. பாடகரின் குரல் எழும்போதெல்லாம் அது ஒருகணம் ஏமாறுகிறது. திரைப்பாடல்களை வாத்தியத்தில் வாசித்த தொகுப்புகளும் இதற்கு முழு விடையாகிவிடாது, ஏனென்றால் மெட்டைக் கேட்டதும் வரிகளை மனம் தானாகவே பாடத் தொடங்கிவிடும். பிரிவைப் பற்றிய ஒரு பாட்டின் மெட்டு புல்லாங்குழலில் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள்; தீவிர சிகிச்சைப் பிரிவில் கணவரை விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த வரிகள் ஒவ்வொன்றும் கேட்கும்.

கர்நாடக இசை என்றால் நம் பகுதியில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த திருவாரூரிலும், தியாகராஜ ஆராதனை நடக்கும் திருவையாற்றிலும், கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும், இசையைப் பின்னணியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பலர் இருக்கிறார்கள். நல்ல கீர்த்தனை ஒன்று ஒலித்தால் அவர்கள் அதனுள் போய்விடுவார்கள், தாளம் போடுவார்கள். சரணம் எழும் இடத்தில் 'டோக்கன் எண் இருபத்தி மூன்று' என்று குறுக்கே வந்தால் அவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கும், பாட்டுக்கும் அது மரியாதை ஆகாது. அதனால் தாளத்தோடு கட்டப்பட்ட உருப்படிகளைக் காட்டிலும் தாளமில்லாத ஆலாபனைகளையே தேர்ந்தெடுங்கள். ஆலாபனையில் மூச்சுக்கு மூச்சு இடைவெளி உண்டு. எந்த இடத்தில் தணிந்தாலும் காதில் முறிவு தெரியாது. தாள வாத்தியங்கள் மட்டும் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனம் அறவே வேண்டாம்.

வாத்தியம் எது என்பதும் கூடத்தைப் பொறுத்தது. வீணையின் நாதம் மீட்டியதும் எழுந்து மெல்ல மங்குவதால், இரண்டு மீட்டலுக்கு நடுவே பேச்சு எளிதாகப் புகுந்து வரும். ஆனால் சுரத்தை அசைத்து இழைக்கும் அதன் கமகங்கள் மிக நுண்மையானவை. மூன்று மின்விசிறிகள் ஓடும் அறையில் மீட்டல் மட்டும் டொக் டொக்கென்று கேட்கும், அதைத் தொடரும் இழைவு காற்றோடு போய்விடும். ஏசி போட்ட அமைதியான அறைக்கு வீணை பொருந்தும். மின்விசிறியும் திறந்த சன்னலும் உள்ள கூடத்துக்குப் புல்லாங்குழலே பொருத்தம், ஏனென்றால் அதன் தொடர்ந்த ஒலி தாழ்ந்த அளவிலும் விசிறியின் இரைச்சலைத் தாண்டிக் காதுக்கு வரும். வயலினை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். நம் மரபில் வயலின் வாய்ப்பாட்டைப் பின்பற்றியே வளர்ந்த வாத்தியம் என்பதால் அது பாடுகிற குரலாகவே கேட்டுக் கவனத்தை இழுக்கும்.

நாகஸ்வரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காவிரிக் கரையின் பெருமை அது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இன்றும் பேசாத ஊர் இந்தப் பக்கத்தில் இல்லை. அந்தப் பெருமையினாலேயே பல உரிமையாளர்கள் காலையில் மங்கலமாக இருக்கட்டும் என்று பதிவுசெய்த நாகஸ்வரத்தை மருத்துவமனையில் போடுகிறார்கள். ஆனால் அது கோயில் வீதியின் திறந்த வெளிக்காகவே உருவான வாத்தியம். அதன் மேற்சுரங்கள் வலிமையாக நிற்கும் உயர்ந்த ஒலிப்பகுதியில்தான் பேச்சின் மெய்யெழுத்துகளும் இருக்கின்றன. ஆகவே அழைப்பை வேறெதையும்விட அதிகமாக மறைப்பது அதுதான். கைப்பிடி அளவுள்ள சீலிங் ஸ்பீக்கரில் தாழ்த்தி வைத்தால் அதன் கம்பீரம் போய் வெறும் கூர்மை மட்டும் மிஞ்சுகிறது. மேலும் அதன் இசைக்குச் சடங்கின் பொருள் உண்டு. மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பாடு என்று உடம்பு எழுந்து நிற்க விரும்பும். கெட்டிமேளம் கேட்டால் கை அட்சதையைத் தேடும். அந்தப் பழக்கங்களைக் காத்திருப்பு அறையில் தேய்ந்துபோக விடக்கூடாது.

ராகத் தேர்விலும் ஊரின் வழக்கத்தை மதிக்கவேண்டும். தேவாரப் பண்களையே பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்து வைத்த மரபு நம்முடையது. காலையில் பூபாளம், பௌளி, மலயமாருதம், பிலஹரி என்று அமைப்பது கேட்பவருக்கு இயல்பாக இருக்கும். முகாரியைச் சோகத்தோடு சேர்த்தே நம் மக்கள் கேட்கிறார்கள் என்பதால் மருத்துவமனையில் அதைத் தவிர்த்துவிடலாம். நீலாம்பரி தாலாட்டுக்கு உரியது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதை ஒலிக்கவிட்டால், விடிகாலையில் எழுந்து வந்தவர்கள் கண் அயர்ந்து எண்ணைத் தவறவிடுவார்கள். மத்யமாவதியில் நிறைவு செய்வது கச்சேரி மரபு என்பதால், மாலையில் மருத்துவமனை மூடும் வேளைக்கு அது பொருந்தும்.

பக்திப் பாடல்களைப் பொறுத்தவரை, உரிமையாளரின் பூசை அறையில் அவை ஒலிக்கட்டும். பொதுக் கூடத்தில் அமர்ந்திருப்பவர்களுள் நாகூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். வேளாங்கண்ணியிலிருந்தும் பூண்டியிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். நோயின் கலக்கத்தில் ஒவ்வொருவரும் தத்தம் தெய்வத்தை மனதுக்குள் அழைத்துக்கொண்டிருக்கும் இடம் அது. சொல்லில்லாத வாத்திய இசை அவர்கள் எல்லோருக்கும் இடம் கொடுக்கும்.

இடைவெளியும் வேகமும்

பின்னணி இசையைத் தொழிலாகவே நடத்திய முசாக் நிறுவனம் 1934-இல் அந்தப் பெயருடன் அமெரிக்காவில் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கு அது அனுப்பிய இசை கால் மணி நேரம் ஒலித்துக் கால் மணி நேரம் அமைதியாக இருக்கும்படி அமைந்தது. விடாமல் ஒலிக்கும் இசை காதைச் சலிப்பூட்டிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நீங்களும் இருபது நிமிடம் இசை, பத்து நிமிடம் அமைதி என்று வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவில் இசைக் கோப்புகளுக்கு நடுவே ஒலியில்லாத கோப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டால் இது தானாகவே நடக்கும். பணியாளர்கள் ஒரே உருப்படியை ஒரே நாளில் இருமுறை கேட்காத அளவுக்காவது தொகுப்பு நீளமாக இருக்கவேண்டும்.

மெதுவான இசை வியாபாரத்தைக் கூட்டும் என்று சொல்லி விற்பவர்கள் வருவார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது ரொனால்டு மில்லிமன் 1982-இல் அமெரிக்கப் பல்பொருள் அங்காடி ஒன்றில் செய்த ஆய்வு. வேகமான இசையைவிட மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனை 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. 1986-இல் உணவகம் ஒன்றில் அவர் செய்த ஆய்விலும் மெதுவான இசைக்கு மக்கள் கூடுதல் நேரம் அமர்ந்திருந்தார்கள். அவை அங்காடிக்கும் உணவகத்துக்கும் உரிய முடிவுகள். மருத்துவமனையில் எவரும் அதிக நேரம் தங்க விரும்புவதில்லை, மருத்துவரும் அதை விரும்பமாட்டார். நடுத்தர வேகத்தைவிடச் சற்றுக் குறைந்த, ஏற்ற இறக்கம் மிகாத இசையே இங்கே போதும்.

பழைய பதிவுகளும் புதிய பதிவுகளும் ஒரே ஒலியளவில் இருப்பதில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஒலியளவுக்குச் சமப்படுத்தி, இடம் வலம் என்று பிரியாத மோனோவாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். சீலிங் ஸ்பீக்கர்களில் ஸ்டீரியோவால் பயனில்லை. ஒரு பக்கத்தில் அமர்ந்தவருக்குப் பாதி இசைதான் கேட்கும்.

கல்யாண மண்டபம்

மண்டபத்தில் நிலைமை வேறு. அங்கே உயிருள்ள இசை மேடையிலேயே இருக்கிறது, காத்திருப்பவரின் காது தேடுவதும் அந்த இசையைத்தான். முதல் பந்தி முடிவதற்குள் அடுத்த பந்திக்கு உரியவர்கள் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கூடிவிடுவார்கள். சிலர் உள்ளே போய், மோர் சாதத்துக்கு வந்துவிட்டவரின் நாற்காலி முதுகில் கையை வைத்தபடி நிற்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் முகூர்த்தம் எப்போது என்ற கவனம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்த இடைவழியிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் தனியாகப் பதிவு இசை எதுவும் போடாமல், மேடையின் மைக்கிலிருந்து வரும் மேளத்தையே மிகத் தாழ்ந்த அளவில் கொண்டுவாருங்கள். நாகஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு மாறியதும் இலையில் கையை வைத்திருப்பவரைத் தவிர மற்றவர்கள் அட்சதையோடு மேடைக்கு விரைய அது உதவும். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுபவர்கள் 'சாம்பாரா, ரசமா' என்று கேட்பது இலைக்கு எட்டவேண்டும். அதற்கு மேல் ஒலி போகக்கூடாது.

மாலை வரவேற்பில் மெல்லிசைக் குழு இருந்தால் வாசலிலும் மாடிப்படியிலும் உள்ள ஸ்பீக்கர்களை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கும் உறவினர்கள் 'எப்ப வந்தீங்க, எங்க தங்கியிருக்கீங்க' என்று கேட்டுக்கொள்வது அந்தப் படிக்கட்டில்தான்.

இசை வேண்டாத இடங்கள்

லிஃப்டில் வேண்டாம், தளத்தின் எண்ணைத் தமிழில் சொல்லும் குரல் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியேயும் அறுவை அரங்கின் வாசலிலும் வேண்டாம். மருத்துவர் வெளியே வந்து தாழ்ந்த குரலில் சொல்வதை ஒரு குடும்பம் சுற்றி நின்று கேட்கும் இடம் அது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு நாள்கணக்கில் காத்திருக்கும் விவசாயிக்கு வேண்டியவை நிழலும் குடிநீரும் தார்ப்பாயும் வரிசை எண்ணைச் சொல்லும் ஒலிபெருக்கியும்தான். மற்ற இடங்களிலும் இசையை உடனே நிறுத்தும் பொத்தான் ஒன்று ரிசப்ஷன் மேசையிலேயே இருக்கவேண்டும். யாரையும் கேட்காமல் அதை அழுத்தும் உரிமை அங்கே இருப்பவருக்கு வேண்டும்.

சட்டமும் உரிமமும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. வெளித் திண்ணையிலோ தகரக் கொட்டகையிலோ ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளவேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது.

கைப்பேசியில் சந்தா கட்டிக் கேட்கும் இசைச் செயலிகள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. அதை ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வாடிக்கையாளர்களுக்குப் போடுவது அந்த ஒப்பந்தத்துக்கு மாறானது. பதிவுசெய்த இசையைப் பொது இடத்தில் ஒலிபரப்ப உரிமம் வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவு உரிமையாளர்கள் பலரின் சார்பில் பி.பி.எல். ஆகியவை அதை வழங்குகின்றன. திருமணச் சடங்குக்கும் அதைச் சேர்ந்த கொண்டாட்டத்துக்கும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. மண்டபத்தில் நடக்கும் வணிகக் கூட்டத்துக்கு அது பொருந்தாது.

படைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை படைப்புக்கு உரிமை உண்டு. 1847-இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்கு இன்று எவரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஒலிப்பதிவுக்கோ தனியாக, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். தியாகராஜர் கீர்த்தனைதானே என்று நேற்றைய பதிவு ஒன்றைப் போட்டால், கீர்த்தனைக்கு உரிமை இல்லாவிட்டாலும் பதிவுக்கு உண்டு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி, உள்ளூர்க் கலைஞரைக் கொண்டே புதிதாகப் பதிவு செய்துகொள்வது. திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படித்து வெளிவரும் இளைஞர்களுக்கு இப்படிப்பட்ட வேலை மிகவும் தேவை. நல்ல குழல் கலைஞரையோ வீணைக் கலைஞரையோ அணுகி, இடம் எப்படிப்பட்டது என்பதை விளக்கி, முடிந்தால் அந்தக் கூடத்திலேயே சற்று நேரம் உட்காரவைத்து, வேளைக்கேற்ற ஆலாபனைகளாகச் சில மணி நேரம் பதிவு செய்யச் சொல்லுங்கள். உரிய ஊதியத்தைக் கொடுத்து எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். உரிமை மாற்ற ஆவணத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே எத்தனை ஆண்டுகள், எந்தெந்தக் கிளைகளில் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும். அந்தக் கலைஞரின் பெயரைக் கூடத்தில் ஒரு சிறு பலகையில் எழுதி வையுங்கள்.

மழையும் மின்தடையும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கூரையின் கீழே எந்த இசையும் கேட்காது, கூட்டிவைக்காமல் நிறுத்திவிடுங்கள். மின்சாரம் போய் வரும்போது சில பிளேயர்கள் முழு ஒலியளவில் விழித்துக்கொள்ளும்; வாங்கும்போதே கடையில் செருகியைப் பிடுங்கி மாட்டிச் சோதித்துப் பாருங்கள். இன்வர்ட்டரின் இணைப்பில் அழைப்பு மைக்கும் எண் பலகையும் கட்டாயம் இருக்கட்டும்.

மழைக்காலம் முடிந்ததும் காகிதக் கூம்புள்ள ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஈரத்தில் ஊறிய கூம்பு தளர்ந்துபோகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துக் கரகரப்பு வரும்; முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி முறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் கரகரத்தால் அந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் கழற்றிவிடலாம்; 100 வோல்ட் லைனில் ஒன்றை நீக்கினாலும் மற்றவை பாதிக்கப்படாமல் ஒலிக்கும்.